கிறவலில் இறங்காத சக்கரம்

சாரதிப் பயிற்றுநர் அனுமதிக்கான விண்ணப்பத்தில் ‘அனுபவம்’ என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு கோடுகள்தான் இருந்தன. சுமித்திரா பேனையைப் பிடித்தபடி கனநேரம் இருந்தாள்.

“என்ன பிள்ளை, கலியாணக் கடதாசியே எழுதுறீர்? வருசத்தை மட்டும் போடும்,” என்றார் அப்புத்துரை.

கிளிநொச்சியில் சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் அவர். காரும் ஓட்டோவும் பழக்க அவரிடம் ஆட்கள் இருந்தார்கள். லொறி பழக்கிய மனுசன் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டதால் அந்த இடம் ஆறு மாதமாகக் காலியாய்க் கிடந்தது. கார்த்திகை முடிவதற்குள் சுமித்திராவுக்கு அனுமதி கிடைத்தால் அவளை வைத்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் வவுனியாவிலிருந்து ஒருவர் வர ஆயத்தமாக இருந்தார்.

அவள் ‘ஒன்பது வருடம்’ என்று எழுதினாள்.

கேட்ட தகுதிகளில் குறை ஒன்றும் இல்லை. கனரக வாகன லைசன்ஸ் எடுத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. ஒரு விபத்தும் கிடையாது. எழுத்துப் பரீட்சையில் எண்பத்தாறு புள்ளி. இடப்பெயர்வில் தொலைந்த பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு மூன்று தரம் அலைந்து பிரதி எடுத்திருந்தாள். ஒட்டுவதற்குப் படமும் இருந்தது. மிச்சம் இருந்தது லொறி ஓடிக் காட்டுவதும் பழக்கிக் காட்டுவதும்தான்.

அந்த ஒன்பது வருடமும் அவள் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் லொறி ஓட்டியிருந்தாள். விடிய ஐந்து மணிக்குப் வெடி அகற்றும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கண்ணிவெடி வெளியில் இறக்குவாள். பிறகு வேலை முடியும்வரை லொறியின் முகத்தைத் திரும்பிப் போகும் பாதைக்குத் திருப்பிவைத்துக்கொண்டு காத்திருப்பாள். பாதையின் இரு கரையிலும் நிறம் பூசிய தடிகள் நிற்கும். அவற்றுக்கு உள்ளே மட்டும்தான் சக்கரம் போகலாம், அப்பால் வெடி இருக்கலாம். எதிரே வாகனம் வந்தாலும் கரைக்கு ஒதுங்கக் கூடாது. ஒருவர் பின்னுக்குப் போய் வழிவிட வேண்டும். அவள் அரை மைல் தூரம்கூட லொறியைப் பின்னுக்கு எடுத்திருக்கிறாள். வேலை குறைந்து ஆட்களை நிறுத்தியபோது அவளும் நின்றாள். அதன் பிறகு ஒரு வருடம் தையல் தொழிற்சாலையில் இருந்தாள். மெசினுக்கு முன்னால் குனிந்திருக்கும்போது, உயரத்திலிருந்து ரோட்டைப் பார்த்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாததுபோல இருந்தது.

பரீட்சை முரசுமோட்டைப் பக்கம் நடந்தது. பரீட்சகர் வெள்ளைச் சட்டையும் மினுக்கிய சப்பாத்துமாக வந்தார். அப்புத்துரை பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். கியர் மாற்றுவது, வளைவில் திருப்புவது, பின்னுக்கு எடுப்பது எல்லாம் சரியாகவே போயின. பின்னுக்கு எடுத்ததைப் பார்த்துப் பரீட்சகர் தலையைக்கூட ஆட்டினார்.

“இனி இடது பக்கம் கீழ இறக்கி நிப்பாட்டுங்கோ.”

அவள் வேகத்தைக் குறைத்தாள். இடது சக்கரம் தாரின் விளிம்புவரை, ரோட்டோரக் கிறவல் மண் தொடங்கும் இடம்வரை வந்தது. அங்கேயே லொறி நின்றுவிட்டது. பின்னால் வந்த மணல் டிப்பர் விடாமல் ஹோர்ன் அடித்தது.

“ஏன் இறக்கேல்ல?”

“தாரில இடம் இருக்குத்தானே, சேர்.”

“பின்னால வாறவனுக்கு?”

அவர் கடதாசியில் எழுதினார். தேறவில்லை, மூன்று கிழமையால் திரும்ப வரலாம்.

அப்புத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது. “உந்தக் கிறவலில ஆடு மேயுது, பிள்ளையள் பந்தடிக்குதுகள். உம்மட ஆக்கள்தானே அதை வெடி எடுத்துத் துப்புரவாக்கித் தந்தவை?”

“ஓம் அண்ணை. நான்தான் லொறி கொண்டுவந்து நிண்டனான்.”

“பிறகென்ன?”

“காலுக்கு அது விளங்கேல்ல.”

வீட்டில் நிரஞ்சன் சிரித்தான். அவளுடைய கணவன், மேசன் வேலை செய்கிறவன். “நான் கட்டின வீட்டுக்குள்ள நானே படுக்கமாட்டன் எண்ட மாதிரி எல்லோ இருக்கு உம்மட கதை.” ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் அவளோடு வந்தான். அப்புத்துரை முணுமுணுத்துக்கொண்டு லொறித் திறப்பைக் கொடுத்தார்.

அதே இடத்தில் நிரஞ்சன் இறங்கிப் போய்க் கிறவலில் நின்றான். ஒருக்கால் துள்ளியும் காட்டினான்.

“இஞ்ச பாரும், முழு ஆளாத்தான் நிக்கிறன். சக்கரத்தை இறக்கும். எனக்கு மேல மட்டும் ஏத்திப்போடாதையும்.”

“தள்ளி நில்லுங்கோ. விசர்க்கதை கதைக்காமல்.”

முதல் தரம் சக்கரம் இறங்கியபோது அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. வண்டி ஒரு சாண் சாய்ந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு இருபத்திரண்டு தரம் இறக்கி ஏற்றினாள். பிறகு வந்த இரண்டு ஞாயிறும் அப்படியே போயின. வியர்ப்பது நிற்கவில்லை. ஆனால் கால் சொன்னதைக் கேட்டது.

திரும்பப் பரீட்சை வந்தபோது நாலு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நல்ல மேடான இடத்தில் அவள் சக்கரத்தை இறக்கி நிறுத்தினாள். பரீட்சகர் எழுதிக்கொண்டார்.

பிறகு இருவரும் இடம் மாறி இருந்தார்கள். “இனி நான்தான் பழக வந்த ஆள். எனக்கு லொறி ஓடின பழக்கம் இல்லை. நீங்கள் சொல்லித் தாங்கோ,” என்றார் அவர். வேண்டுமென்றே கியரைக் கிரீச்சிட வைத்தார். கண்ணாடி பார்க்காமல் திருப்பினார். அவள் ஒவ்வொன்றையும் தணிந்த குரலில் திருத்திக்கொண்டு வந்தாள். வாய்க்கால் ஓரமாகப் போகும்போது அவர் முன்பின் பாராமல் ஸ்டியறிங்கை இடப்பக்கம் வெட்டினார்.

“நில்!”

பழக்குகிறவருக்கென்று தன் பக்கத்தில் இருந்த பிறேக்கை அவள் மிதித்துவிட்டாள். கண்ணிவெடி வெளியில் ஆட்களை நிறுத்துகிற அந்தக் குரல் அவளையே திடுக்கிடவைத்தது. அரசாங்க உத்தியோகத்தரைப் பார்த்து ‘நில்’ என்று சொன்னது பிறகுதான் உறைத்தது. ஆனாலும் தொடங்கியதை அவள் விடவில்லை.

“தெரியாத நிலத்தில சக்கரத்தை வைக்கக் கூடாது. இறங்கிப் போய்ப் பாத்திட்டு வாங்கோ.”

“நானோ?”

“பழக வந்த ஆள்தானே.”

பரீட்சகர் கதவைத் திறந்து இறங்கினார். லொறியைச் சுற்றி வந்து கிறவலில் ஒரு எட்டு வைத்தார். மினுக்கிய சப்பாத்து கணுக்கால்வரை உள்ளே போனது. மற்றக் காலை ஊன்ற அதுவும் போனது. பின்னால் மோட்டார் சைக்கிளில் நின்ற அப்புத்துரை தலையில் கைவைத்துக்கொண்டார்.

“லோட்டோட இறக்கியிருந்தால் வாய்க்காலுக்குள்ள சரிஞ்சிருக்கும், சேர்,” என்றாள் சுமித்திரா. குரல் பழையபடி தணிந்திருந்தது. தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அவர் சப்பாத்தைக் கழுவினார், நேரமெடுத்துக் கழுவினார். அவள் கானைச் சரித்துப் பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவர் கடதாசியை லொறியின் மூக்கில் வைத்து எழுதினார்.

“கத்தினதுக்குப் புள்ளி குறைச்சிருக்கிறன். மற்றதெல்லாம் சரி. பாஸ்.”

திங்கட்கிழமை சுமித்திராவின் முதல் வகுப்பு. பழக வந்தவன் உருத்திரபுரத்து ஆள், வயது முப்பத்தைந்து இருக்கும், அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தேய்ந்த பாட்டா செருப்போடு வந்திருந்தான். பரீட்சகரின் சப்பாத்துக் கதையை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.