மூன்று முறை காணைக்குப் போனவர்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகலில், திண்டிவனத்தில் என் பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். விழுப்புரம் பஸ்ஸின் கண்டக்டர் குனிந்து, "ஆரோக்கியம், நயினார் விடியக்காலம் போய்ட்டாரு. உனக்குச் சொல்லச் சொன்னாங்க" என்றார். நான் உடனே வெளியே வரவில்லை. பிடித்திருந்த நட்டை முழுவதும் முடுக்கிவிட்டுத்தான் வந்தேன். பாதியில் விட்டு வந்தால் அவர் கோபித்துக்கொள்வார் என்றே அப்போதும் தோன்றியது.

சந்திரநாத நயினார் மேல்சித்தாமூர்ச் சமணர். விழுப்புரம் ரயிலடிக்கு எதிரில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பழுது பார்த்து விற்கும் கொட்டகை வைத்திருந்தார். நான் அதில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பிறகு கூட்டாளியானேன். சேரியில் பிறந்த ஒருவனைக் கூட்டாளியாகச் சேர்த்தது ஏன் என்று கேட்டவர்களிடம், "இன்ஜின் பேசறது அவனுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல" என்பார். விற்பதும் வாங்குவதும் அவர் பொறுப்பு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டியவர் என்பதால், பெரிய வியாபாரம் பேசிக்கொண்டிருந்தாலும் மாலையில் எழுந்து போய்விடுவார்.

போருக்கு முன்பு எங்கள் தொழில் மந்தமாகத்தான் நடக்கும், ஆனால் ஒழுங்காக நடக்கும். பாதிரிமார், சர்க்கார் அதிகாரிகள், சில மிராசுதாரர்கள், இவர்கள்தாம் மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள். புது வண்டி கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கும். ஒரு வருஷம் ஓடிய வண்டி பாதி விலைக்குப் போகும். போர் தொடங்கி, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும், வண்டி வைத்திருந்தவர்கள் அதை வீட்டில் கட்டிய யானையைப் போலப் பார்த்தார்கள். சென்னையில் குண்டு விழும் என்று ஜனங்கள் கிளம்பிய அந்தக் கோடையில், திண்டிவனம் சாலை வழியே வந்தவர்கள் கேட்ட விலைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்கள். கொட்டகை நிறைந்தது. எனக்கு மகிழ்ச்சி. நயினார் மட்டும், "விக்கறவன் மூஞ்சியப் பாத்துக்கோ. இன்னிக்கு வாங்கறவனுக்கும் ஒரு நாள் இதே மூஞ்சிதான்" என்றார்.

பிறகு காற்று திசை மாறியது. ராணுவத்துக்குச் சாமான் கொடுக்கும் காண்டிராக்டர்களுக்குக் கூப்பன் கிடைத்தது, வண்டி கிடைக்கவில்லை. புது வண்டி வருவது அடியோடு நின்றது. மலாயா ஜப்பானியர் கையில் விழுந்திருந்ததால் ரப்பர் வரவில்லை, டயரும் இல்லை. "கப்பல் முழுகினா பேப்பர்ல வராது. டயர் விலையில வரும்" என்று நயினார் சொன்னார். மாதத்துக்கு மாதம் விலை ஏறியது. கடைசியில் பழைய வண்டி, புதிதாக இருந்தபோது விற்றதைவிட அதிகமாகப் போயிற்று. எங்களிடம் வாங்கியவரே அதே வாரம் லாபத்துக்கு இன்னொருவரிடம் தள்ளிவிட்டார். ஓட்டுவதற்காக வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

சென்னையிலிருந்து வந்த வண்டிகளில் ஒன்றின் ஃபோர்க்கில், முன்சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கவையில், பெயின்டுக்கு அடியில் மயிரிழை அளவு விரிசல் இருந்தது. நயினார் அதை விற்கக் கூடாதென்று கொட்டகையின் பின்புறம் தள்ளி வைத்தார். பிரித்து உதிரிப் பாகமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். காணையிலிருந்து ராமலிங்கம் என்பவர் அதற்காக இரண்டு முறை வந்து கேட்டார். ராணுவ முகாமுக்கு விறகு கொடுக்கும் காண்டிராக்ட் எடுத்திருந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. நயினார் இரண்டு முறையும் மறுத்துவிட்டார்.

பங்குனியில் தேர்த் திருவிழாவுக்கு நயினார் மேல்சித்தாமூர் போனார். அந்த வாரம் விலை இறங்கப் போகிறது என்று ஒரு வதந்தி. போர் முடிகிறதாம், கப்பல் வருகிறதாம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விரிசலைப் பற்றவைத்து, அரம் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். மூன்றாம் முறையாக வந்த ராமலிங்கத்திடம் அந்த வண்டியை விற்றேன். வண்டியில் கோளாறு ஏதும் உண்டா என்று அவர் கேட்டதற்கு, "எல்லாம் சரி பண்ணிட்டேங்க" என்றேன்.

திரும்பி வந்த நயினார் வண்டி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க?" என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு காணைக்குப் போனார். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தந்த பணத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்படி ராமலிங்கத்திடம் சொன்னார். அவர் சம்மதிக்கவில்லை. வதந்தி பொய்யாகி, அதற்குள் விலை இன்னும் ஏறியிருந்தது. அடுத்த வாரம் நயினார் கூடுதலாகத் தருவதாகச் சொல்லிப் போனார். அதற்கும் மறுப்பு. மூன்றாம் முறை நானும் உடன் போனேன். விற்ற விலையைப் போல இரண்டு பங்கு தருவதாக நயினார் சொன்னார்.

ராமலிங்கம் சிரித்தார். "மொதல்ல விக்க மாட்டேன்னீங்க. இப்ப ரெண்டு பங்கு தர்றேன்றீங்க. உங்களுக்கு மேல வேற யாரோ தர்றான், அதான?"

"ஃபோர்க்குல விரிசல் இருக்குப்பா. உயிருக்கு ஆபத்து."

"விக்கறப்ப இல்லாத விரிசல், விலை ஏறினப்புறம் வந்துச்சுங்களா? உங்க ஆளே சரி பண்ணிட்டேன்னு சொன்னாரே." என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நயினார், "நாம கூட்டிக் கேக்கக் கேக்க அவனுக்கு அது பொன்னாத் தெரியுது. உண்மையச் சொன்னாக்கூட இப்ப பேரமாத்தான் கேக்குது" என்றார். அதன் பிறகு தினமும், ராமலிங்கம் முகாமுக்குப் போய்வரும் புதுச்சேரிச் சாலையிலிருந்து பஸ் வந்தால் எழுந்து போய், சாலையில் ஏதாவது நடந்ததா என்று விசாரிப்பார். ஏழெட்டு நாள் அப்படி விசாரித்தார். ஒரு நாள் கண்டக்டர் அவர் கேட்பதற்கு முன்பே இறங்கி வந்தார். கண்டமங்கலம் அருகே ஃபோர்க் முறிந்து, ராமலிங்கம் புளியமரத்தில் மோதி, அங்கேயே இறந்துவிட்டார்.

சாவு வீட்டுக்குப் போனோம். நயினார் முற்றத்தில் நின்றார். சேரிக்காரனான எனக்கு உள்ளே இடமில்லை, தெருவில் நின்றேன். ராமலிங்கத்தின் தகப்பனார் முத்துசாமி, "அந்த வண்டிய என் புள்ளைக்கு வித்தது யாருய்யா?" என்று கேட்டது தெருவுக்குக் கேட்டது. "என் கொட்டாய்ல வித்தது. நான்தாங்க வித்தேன்" என்றார் நயினார். ஒரு பெண் அவர் முகத்தில் மண்ணை வாரி எறிந்தாள். அவர் துடைத்துக்கொள்ளாமல் வெளியே வந்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அத்துடன் கொட்டகையை மூடினார். நான் திண்டிவனத்துக்கு வந்துவிட்டேன். போர் முடிந்து, ராணுவ வண்டிகள் ஏலத்தில் குவிந்தபோது, ஒரே பருவத்தில் விலை மண்ணைக் கவ்வியது. பதுக்கி வைத்திருந்தவர்கள் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நயினார் ஏலம் நடக்கும் இடங்களில் போய் நின்று, கூலி வாங்காமல், எந்த வண்டியை வாங்கக் கூடாது என்று சொல்லிவந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆளைக் கொன்றவர் என்று பின்னால் பேசியதையும் கேட்டிருப்பீர்கள். அவர் அதற்குப் பதில் சொன்னதில்லை. என்னைச் சந்தித்தபோதெல்லாம் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், வேறொன்றும் பேசமாட்டார்.

நயினாரின் தகனம் முடிந்த மறுநாள் காணைக்குப் போனேன். முத்துசாமி கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"தெரியும். நயினார் தேருக்குப் போயிருந்த வாரம்தான் வண்டி வந்துச்சு. சாவு வீட்டுல அவுரு நான்தான்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார். "அவுரு பழியத் தலையில போட்டுக்கினு போறாரு, நீ தெருவுல நின்னுக்கினு பாக்கற. எப்ப வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன். அவுரு இருக்கறப்ப வந்திருக்கணும் நீ."

நயினாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். அவரை அறிந்த விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும், இனி அந்த வண்டியைப் பற்றிப் பேச நேர்ந்தால், என் பெயரைச் சொல்லுங்கள்.