சிரங்கு மருந்துச் சீசா

பேரனுக்கு விரலிடுக்கில் அரிப்பு என்று மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். அட்டைப்பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் குப்பி கொடுத்தார்கள். வீட்டில் திறந்து முகர்ந்தால் பழைய வாடையே இல்லை. எழுபதுகளின் கடைசியில், ஆரணி ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், துவைத்தாலும் என் புடவையை விட்டுப் போகாத வெள்ளை மருந்தின் வாடையைச் சொல்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.

அப்போதெல்லாம் மருந்துக்கு வருகிறவர்களே சீசா கொண்டு வரவேண்டும். ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுப்போம். கூடவே நான் உபதேசமும் ஊற்றுவேன். இருபத்திரண்டு வயசு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

ஒரு நெசவாளியின் மனைவி மூன்று வயசுப் பெண்குழந்தையோடு வருவார். "ராவெல்லாம் சொறிஞ்சிகினு கீதுங்க. வூட்ல யாருக்கும் தூக்கமில்ல." குழந்தையின் இடுப்பெல்லாம் கீறல், மணிக்கட்டில் சீழ். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ஆறும், திரும்ப வரும். மூன்றாம் தடவை, வரிசையில் இருந்தவர்கள் காதுபட, "புள்ளையக் குளிப்பாட்டறதே இல்லியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான்காம் தடவை கணவரும் வந்தார். குழந்தை அவர் தோளில். அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையில், விரலிடுக்கெல்லாம் சிரங்கு.

"நீங்க மருந்து பூசிக்கலியா?"

"தறியில முகூர்த்தப் பொடவ கீதுங்க. மருந்துக் கையோட தொட்டா பட்டு இன்னாத்துக்கு ஆவும்?"

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் அத்தனை ஏச்சு வாங்கியும் கணவரை விட்டுக்கொடுக்கவில்லை. பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு, கையில் மருந்து பூச முடியுமா என்று நானும் ஒருநாள் கேட்டதில்லை.

"தறியில ஏத்தின பாவு நூல் எப்ப முடியும்?"

"இந்தப் பொடவயோட முடிஞ்சிடும். புதுப் பாவு வர ரெண்டு மூணு நாளாவும்."

அந்த நாட்களில் தறிக்கு ஓய்வு, வீட்டில் எல்லாருக்கும் வெள்ளை மருந்து என்று முடிவாயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். இடுப்பில் குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. காலிச் சீசாவை மேசைமேல் வைத்து, "வேற யாருக்காச்சும் ஊத்திக் குடுங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "தெனம் குளிப்பாட்டிகினுதான் இருந்தேன், நர்ஸம்மா" என்றார்.

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது மருந்துக்கு யாரும் சீசா கொண்டு போவதில்லை. அந்த அம்மா வைத்துவிட்டுப் போன சீசா வெந்நீரில் கழுவி, லேபிளைச் சுரண்டியெடுத்து, பளபளவென்று இருந்தது. அதை நான்கு தடவை என் கையில் வாங்கித்தான் மருந்து ஊற்றினேன். நான்கு தடவையும் அது அப்படித்தான் இருந்தது.