காளான் கறி சாப்பிட்ட ஞாயிறு

என் கணவர் லேசில் சிரிக்கிற மனிதர் அல்ல. கல்யாண வீட்டுப் படங்களில்கூட பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோலத்தான் நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு மத்தியானம், டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அது கந்தசஷ்டி வாரம். எனக்கு விரதம், வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. நாக்குச் செத்துப்போன மனிதர் காலையில் நடக்கப் போன இடத்தில், மாடு மேயும் புல்வெளியில், ஒரு பை சின்னக் காளான்கள் பிடுங்கி வந்தார். ஊரில் மழைக்குப் பிறகு காளான் பிடுங்கித் தின்றவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையாம். கறியும் தானே வைத்தார்.

"மஞ்சளும் உள்ளியும் போட்டுப் பார்த்தனான். நஞ்செண்டால் கறுக்கும். இது கறுக்கேல்லை," என்றார்.

நான் வாய் வைக்கவில்லை. விரதம் இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன். காளானின் வழுவழுப்பு எனக்கு ஆகாது.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் சிரிப்புத் தொடங்கியது. அந்த மயில் நிறத் திரைச்சீலையை வாங்கிய நாளிலிருந்து திட்டி வந்தவர் அதைத் தடவிக்கொண்டு, "இஞ்ச பாரும், மூச்சு விடுது. என்ன வடிவு!" என்றார். நஞ்சு அவசர உதவிக்குத் தொலைபேசி எடுத்தேன். மிச்சக் காளானோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். நான் கறிச்சட்டியையும் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சில் ஏறினேன்.

இளம் பெண் டாக்டர், வேண்டுமென்றே சாப்பிட்டாரா என்று கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம். தலையிடி மாத்திரை போடவே என்னிடம் கேட்கிற மனிதர்! அடுத்து டாக்டர் சொன்னதில் கோபம் பறந்துவிட்டது. ஈரலை அழிக்கிற காளானும் உண்டாம். அதைத் தின்றவர் முதலில் நன்றாகவே இருப்பாராம். எந்த மஞ்சளும் அதைக் காட்டிக்கொடுக்காதாம். பையில் அதுவும் கலந்திருக்கலாம், காளான் நிபுணர் பார்க்கும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

என் கணவர் கட்டிலில் சேலைன் போத்தலோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் முருகனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். என் விரதத்துக்கு இதுவா பலன்? திடீரென்று அவர், சுவர் கிட்ட வருகிறது என்று பயந்து என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இஞ்சருங்கோ, நான் இருக்கிறன்," என்றேன். அதன் பிறகு கையை விடவில்லை.

நிபுணர் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே வகை, போதை தரும் மாயக்காளான்; ஈரலுக்கு ஆபத்தில்லை, மாலைக்குள் தெளிந்துவிடும் என்றார். நான் அழுதுவிட்டேன். இதை மனச்சோர்வுக்கு மருந்தாக்கலாமா என்று ஆராய்கிறார்கள் என்றார் டாக்டர். அதுவும் அளந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் வைத்துத்தானாம். போதைக்கென்று பிடுங்கினால் இங்கே குற்றம் என்றும் சொல்லி, கறிச்சட்டியை மட்டும் கழுவித் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் திரைச்சீலையைப் பார்த்தார். "கண்ணைக் குத்துது," என்றார். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு இனித்தது.

விரதம் முடிந்த பிறகு, கடையில் வாங்கிய காளானில் ஒரு கறி வைத்தேன். அவருக்குப் போட்டுவிட்டு, என் சாப்பாட்டுக் கோப்பையிலும் போட்டுக்கொண்டேன்.

"உமக்குத்தான் காளான் பிடிக்காதே?"

"பிடிக்காதுதான். எண்டாலும் இனி ரெண்டு பேருமாத்தான் சாப்பிடுவம். சிரிக்கிறதெண்டாலும் சேர்ந்து சிரிப்பம், போறதெண்டாலும் சேர்ந்து போவம்."

அவர் தன் கோப்பையிலிருந்த பெரிய துண்டுகளைப் பார்த்துப் பொறுக்கி என் கோப்பையில் வைத்தார்.