பொங்கல் சீருக்கு ஒரு ரசீது

என் அண்ணனைப் பற்றி எழுதினால் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நிலத்துக்கு உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே அப்பா முந்திக்கொண்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நிலம், ரைஸ் மில், பாங்கு டெபாசிட் எல்லாவற்றையும் குடும்ப ட்ரஸ்டாக எழுதி, அண்ணனை ட்ரஸ்டியாக வைத்தார். செலவு போக மிஞ்சும் வருமானம் அண்ணனுக்கும் எனக்கும் மெட்ராஸிலிருந்த தம்பிக்கும் சரிபங்கு. ஒருவர் பேரிலேயே இருந்தால், வரம்புக்கு மேற்பட்ட நிலத்தை சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்துவிடும். மூன்று பேர் பங்காக நின்றால் தப்பிக்கும். பெண்ணுக்குச் சமபங்கு கொடுத்த மகராசன் என்று ஊரே அப்பாவைப் புகழ்ந்தது. எனக்கும் தலைகால் புரியாத பெருமை. சரியான அசடு நான்.

அப்பா போனார். சில வருஷத்தில் என் கணவரும் போனார். திருக்காட்டுப்பள்ளியில் டீச்சர் வேலை, ஒரே மகள், அதுதான் என் குடும்பம். பொங்கலுக்கு முன்னால் அண்ணன் தவறாமல் சீர் கொண்டுவருவார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, மெல்லிய வாயில் துணியில் ஒரு சேலை. கூடவே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு காகிதமும் வரும். "ஆடிட்டர் கேக்கறாரும்மா, ஒரு கையெழுத்து போடு" என்பார். கூடப்பிறந்தவன் சீரோடு வாசலில் நிற்கும்போது காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் அது அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். படிக்காமலே போட்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம் வினாத்தாளை இரண்டு முறை படி என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

மகள் பி.யு.சி. தேறி, தஞ்சாவூரில் பி.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்தது. ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்குமாகத் தபாலாபீஸில் ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். பணம் கட்டக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வருமானவரி நோட்டீஸ் வந்தது, தொள்ளாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி. யாருக்கோ வரவேண்டியது தவறி வந்துவிட்டது என்று நினைத்து, லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் ஆபீஸுக்குப் போனேன்.

அதிகாரி பொறுமையானவர். "நெல்லு வருமானத்துக்குத் தனி வரிம்மா, அது இதுல சேராது. இது மில் வாடகையும் டெபாசிட் வட்டியும். செலவு போக பதினெட்டாயிரம், மூணா வகுத்தா உங்களுக்கு ஆறாயிரம். அதை உங்க சம்பளத்தோட சேர்த்திருக்கோம்" என்றார்.

"என் சம்பளத்துக்கு வரியே கிடையாதே சார்?"

"சம்பளம் மட்டும்னா கிடையாது. ஆறாயிரம் சேர்ந்ததும் வரம்பைத் தாண்டிடுச்சு. இது போன ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து."

"எனக்கு ஒத்தப் பைசா வரலீங்க!"

"பங்கு இவ்வளவுன்னு பத்திரத்துல எழுதியிருந்தா, கைக்கு வந்தாலும் வராட்டாலும் அது உங்க வருமானம்தான். அதுவும் நீங்க வாங்கிக்கிட்டதா ரசீது வேற குடுத்திருக்கீங்களே" என்று ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

ஆறாயிரம் ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கீழே என் கையெழுத்து. அடுத்த தாளில் தம்பியின் ரசீது. அவனுக்கு மட்டும் நிஜமாகவே செக்கில் பணம் போயிருந்தது. "அடப்பாவி!" என்று கத்தியேவிட்டேன். குமாஸ்தாக்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் பங்கையும் தன் வருமானமாகக் காட்டினால் அண்ணனுக்கு வரி ஏறும். அதனால் கணக்கு என் தலையில், காசு அவர் பெட்டியில். தின்றது அவர், தண்டம் கட்டுவது நானா?

மறுநாளே ஊருக்குப் போய் நின்றேன்.

"வருஷா வருஷம் சீர் செய்யலையா? அதெல்லாம் என்ன, வானத்துலேருந்தா குதிச்சுது?" என்றார் அண்ணன்.

"கரும்புக்கும் சேலைக்கும் ஆறாயிரமாண்ணே? நாக்கு கூசலை உங்களுக்கு?"

"பொறந்த வீட்டுல வந்து கணக்குக் கேக்கறியா நீ?"

"கேப்பேன். எம் பங்கு வரலைன்னா இந்த ட்ரஸ்டே வேஷம்தான், நெலம் பூரா உங்க கையிலதான்னு தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்திருந்த சமயம் அது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போனவர், அந்த இரண்டு வருஷப் பங்குக்கும் செக் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். அடுத்த பொங்கலிலிருந்து சீர் கிடையாது என்றும் சொன்னார். நான் செக்கை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் செங்கொடியோடு ஒரு கூட்டம், உபரி நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வயலில் காலமெல்லாம் நாற்று நட்ட ஒருத்தி என்னைக் கண்டு ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, வந்ததும் கெளம்பிட்டீங்களே?"

"பொண்ணைக் காலேஜுல சேக்கணும்."

"நல்லாப் படிக்கட்டும்மா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கண்ணன் நெலமெல்லாம் ட்ரஸ்டு, மூணு பேருக்குப் பங்குன்னு சொல்றாங்க. நெசமாம்மா? பொய்யின்னா இவங்க விடமாட்டாங்க" என்று கேட்டாள்.

பஸ் வந்து நின்றது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நெசந்தான்" என்றேன்.

"அப்ப சரிங்க. நீங்க சொன்னா பொய்யா இருக்காது" என்று சொல்லிவிட்டு, அவள் கூட்டத்துக்குத் திரும்பிப் போனாள்.