திரையை விட்டுப் போகாத முகம்

என் மனைவி ரூபி பயப்படாத பொருள் ஒன்றாவது உண்டா என்று கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை. இடிக்குப் பயம், மாட்டுக்குப் பயம், கேஸ் சிலிண்டருக்குப் பயம், விடிகாலையில் அடிக்கும் போனுக்குப் பயம். இப்படிப்பட்டவள் பிழைப்புக்கென்று கற்றுக்கொண்டதோ கம்ப்யூட்டர். திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. முன்பக்கம் அவள் கம்ப்யூட்டரில் எழுத்தும் படமும் கோக்கும் டி.டி.பி. வேலை பார்ப்பாள், பின்பக்கம் நான் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுவேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, மாதா கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்து நல்லது கெட்டதெல்லாம் எங்கள் மேஜைக்கு வந்துதான் போகும்.

தினமும் காலையில் மானிட்டர் மேல் சிலுவை போட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவாள். திரையில் வெளிச்சம் வரும்வரை மூச்சு விடமாட்டாள். "ஏ ரூபி, அது வெறும் டப்பா, ஒன்னயக் கடிச்சா வைக்கப் போகுது?" என்று கேலி செய்தால், "சும்மா இருங்க, எதையாச்சும் சொல்லி வைக்காதீங்க" என்பாள்.

அவள் வேலை பார்க்கும் முறையும் பயத்தில் பிறந்ததுதான். புது வேலை வந்தால் புதுப் பக்கம் திறக்கமாட்டாள். அதே குடும்பத்துக்கோ அதே ஊருக்கோ முன்பு செய்த டிசைனைத் திறந்து, படத்தையும் எழுத்தையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்துக்கொள்வாள். பங்காளிகள், மாமன் மச்சான்கள் பெயரெல்லாம் ஏற்கெனவே பிழையில்லாமல் அடித்துக் கிடக்குமாம். ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன கலவரம் வரும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் நானும் தடுத்ததில்லை.

2004-ல் ஆத்தூர் பேச்சாயி அம்மாள் தன் மகன் கண்ணனின் கல்யாணத்துக்கு ஃபிளக்ஸ் பேனர் கேட்டு வந்தார். முந்தின வருடம் அவர் கணவர் சோலைமலை இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்துகொடுத்ததும் நாங்கள்தான். ரூபி வழக்கம்போல அந்த போஸ்டரையே திறந்தாள். கறுப்புக் கரையை எடுத்துவிட்டு மாவிலைத் தோரணம் வைத்தாள். சோலைமலையை எடுத்துவிட்டுக் கண்ணனையும் மணப்பெண் தீபாவையும் வைத்தாள். வேறு பெயரில் சேமித்தாள். படம் அழகாகத்தான் இருந்தது.

பேச்சாயி டிசைனைப் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலை, பழைய போஸ்டரோடு பெயர்களை ஒத்துப் பார்த்துவிடலாம் என்று ரூபி இரண்டையும் சேர்த்துத் திறந்தாள். பார்த்து முடித்துப் பழையதை மூடினாள். போஸ்டர் மூடிக்கொண்டது. ஆனால் சோலைமலை போகவில்லை. தீபாவின் தோளுக்கு மேல் அவருடைய நெற்றியும் மீசையும் அப்படியே நின்றன. தீபாவின் பெயருக்குக் கீழே 'ஆழ்ந்த இரங்கல்' என்ற வரி பாதி அறுந்து தொங்கியது.

ரூபி போட்ட சத்தத்தில் நான் மை படிந்த கையோடு ஓடிவந்தேன். மவுசை அசைத்தால் மீசை இரண்டாகிறது, திரையில் திறந்திருக்கும் ஜன்னலை நகர்த்தினால் நெற்றி நீள்கிறது. பொய் சொல்வானேன், நானும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"அந்தம்மா இதப் பாத்துச்சுன்னா கல்யாணமே நின்னு போகும்ங்க," என்றாள்.

அவள் சொன்னதில் மிகை இல்லை. பேச்சாயி சகுனம் பார்ப்பதில் பேர்போனவர். கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்து, வெள்ளைப் பூ வரவில்லை என்பதற்காக ஏற்கெனவே ஒரு பெண்ணை வேண்டாமென்று சொன்னவர். செத்துப்போன மாமனார் மருமகளின் தோளில் நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? ஒன்றும் அறியாத தீபாவின் வாழ்க்கை எங்கள் மேஜையில் பாழாகிவிடுமே என்று ரூபி பதறினாள்.

"அவரு போகமாட்டேங்கிறாருங்க," என்று முணுமுணுத்தவள், நான் வாய் திறப்பதற்குள் அந்தப் போஸ்டர் கோப்பையும் ஸ்கேன் செய்த படத்தையும் அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் காலி செய்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மீசை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு சர்வீஸ் பார்க்கும் கிதர் முகம்மதுக்குப் போன் போட்டோம். படம் திறக்க நேரமாகிறது என்று போன வாரம் புது டிஸ்பிளே கார்டு மாட்டிக்கொடுத்தவர் அவர்தான். ஒட்டன்சத்திரத்தில் ஏதோ வேலையாக இருந்தார். ரூபி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பேயும் இல்ல, ஒன்னும் இல்லக்கா. அந்தக் கார்டோட பேசுறதுக்கு ஒரு புரோகிராம் உண்டு, டிரைவர்னு பேரு. அவசரத்துல எங்கிட்ட இருந்த வேற சி.டி.யப் போட்டு ஏத்திட்டேன், அது ஒத்துக்கல. மூடுன எடத்த அது திரும்ப வரையல, அதான் பழசு அப்புடியே நிக்குது. அத எடுத்துட்டு, கார்டு டப்பாவுல இருக்குற சி.டி.யப் போடுங்க."

"நானா? கெட்டுப்போச்சுன்னா?"

"கெடாதுக்கா. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க."

போனை அவள் காதோரம் நான் பிடித்துக்கொள்ள, கிதர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். டிரைவரை நீக்கி, மெஷினை நிறுத்தி, மறுபடி போட்டாள். திரை வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் பருமன். பேனரைத் திறந்தால் நிறங்கள் செத்து, தீபாவின் முகமெல்லாம் அம்மை போட்டது மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. ரூபி அழவே ஆரம்பித்துவிட்டாள். "அது அப்புடித்தான் வரும், பயப்படாம சி.டி.யப் போடுங்க" என்று போனில் கிதர் கத்தினார். போட்டாள். ஏற்றி முடித்ததும் மறுபடி நிறுத்திப் போடச் சொன்னது. போட்டாள். திரை கறுத்தது.

அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நாங்கள் நிற்கும்போதுதான், செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பேச்சாயி உள்ளே வந்தார்.

"என்னத்தா, கரண்டு இல்லயா?"

ரூபி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முந்தானைக்குள் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. செத்த நேரம்தான் ஆகியிருக்கும், எனக்கோ வருஷமாகத் தெரிந்தது. திரை வெளுத்தது. ரூபி பேனரைத் திறந்தாள். மாவிலைத் தோரணம், கண்ணன், தீபா. மீசை இல்லை, நெற்றி இல்லை. தீபா பளிச்சென்று சிரித்தாள்.

பேச்சாயி கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். "லட்சணமா இருக்கு," என்றார். ரூபி அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஆனா ஒரு கொற," என்று விரலைத் திரையில் வைத்தார் பேச்சாயி. தீபாவின் தோளுக்கு மேல், சரியாக அதே இடத்தில். "இங்கன அவரு படத்த வச்சிரு தாயி. தகப்பன் ஆசீர்வாதம் இல்லாம எப்புடி? வீட்டுல இருந்தது போன மழையில ஊறிப்போயி மூஞ்சியே தெரியல. ஒங்கிட்டதான் இருக்குமேன்னு வந்தேன்."

ரூபி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அழிச்சிட்டேம்மா," என்றாள்.

"ஏந்தாயி?"

ரூபி நடந்ததை எல்லாம் சொன்னாள். "நீங்க பாத்துட்டுக் கல்யாணத்த நிறுத்திருவீங்களோன்னு பயந்துட்டேம்மா."

பேச்சாயி திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "நானும் அப்புடித்தான் செஞ்சேன்," என்றார். "அவரு போனதும் சட்ட, துண்டு, படுத்த பாயி எல்லாத்தையும் பயந்துக்கிட்டுக் கொளுத்திட்டேன். ஒரு சட்டயாச்சும் வச்சிருந்திருக்கலாம்."

மறுநாள் கிதர் வந்து, அழித்ததை மீட்க முடியுமா என்று நோண்டிப் பார்த்தார். அந்த இடத்தின் மேல் புது டிரைவர் ஏறிவிட்டதோ என்னவோ, பாதிப் படம்கூடத் தேறவில்லை. தீபாவின் தோளுக்கு மேல் ரூபி ஒரு குத்துவிளக்கை வைத்து, அடியில் சோலைமலையின் பெயரைப் போட்டாள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். பேச்சாயி மண்டபத்து வாசலில் அந்த விளக்கைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

இப்போதும் ரூபி மானிட்டர் மேல் சிலுவை போட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுகிறாள். சில நாள் பேனர் கோப்பைத் திறப்பாள், ஜன்னலை அங்குமிங்கும் நகர்த்துவாள், மூடுவாள். மூடிய பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன ரூபி, மறுபடியும் பயமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லங்க," என்றாள். "இன்னொரு தடவ வரமாட்டாரான்னு பாக்குறேன்."