காலையில் விடாத தண்ணீர்

எந்த வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டாலும் அந்தப் பைப்புக்காரருக்குத்தான் அழைப்பு போகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரர்களிடம், "தள்ளி நில்லுங்க, ரெண்டே நிமிஷம்" என்பார். சொன்னபடி முடித்தும் கொடுப்பார். முப்பது வருஷமாக அந்தப் பெருமையிலேயே வண்டி ஓடியது.

பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போன அவர் மனைவிக்கு வயிற்றில் உணவு செலுத்தும் குழாய் வைத்து நாலு மாதம். காலையில் அவர் கவனிப்பார். பத்து மணிக்கு மேல் அவருடைய தங்கை வருவாள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: மாத்திரைகளை நைஸாகப் பொடித்து, தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். உணவில் கலக்கவே கூடாது. முன்னாலும் பின்னாலும் இடையிலும் வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும்.

"குழாயைப் பத்தி எனக்கே பாடமா?" என்று இவர் சிரித்தார்.

அன்று ஒரு ஓட்டலில் சமையலறை முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். போனுக்கு மேல் போன். மூன்று மாத்திரைகளையும் அரைகுறையாக நசுக்கினார், பால் உணவிலேயே கலந்து ஏற்றினார், தண்ணீர் விடாமலே மூடியைப் போட்டுவிட்டார். மனைவி இடது கையைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தாள். "வந்து பேசிக்கலாம்மா" என்று, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல ஓடினார்.

பதினொரு மணிக்குத் தங்கை போனில் நடுங்கினாள். "அண்ணே, இறங்கவே மாட்டேங்குது."

வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லத் தள்ளி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும், அசையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதுதான் நர்ஸம்மா சொன்னது. வீட்டுக்கு ஓடி வந்த இவரோ தொழில் புத்தியைக் காட்டினார். சின்ன சிரிஞ்சில்தான் அழுத்தம் அதிகம் என்று அதை எடுத்து ஒரே அமுக்கு. அடைப்பு அசையவில்லை. குழாய்தான் பிளந்தது.

ஆஸ்பத்திரியில் குழாயை மாற்றும்போது மனைவி வலியில் முனகினாள். "கடைசியா யாரு குடுத்தது?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"நான்தான்" என்று தங்கை அழுதாள். "கெட்டியா கரைச்சிட்டேனோ என்னவோ. என் தப்புதான்."

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார், வெட்கங்கெட்ட மனுஷன்.

அதற்கப்புறம் மூன்று நாள், சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். நான்காம் நாள் தங்கை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"வேற ஆளைப் பாருண்ணே. அண்ணியைக் கொன்னுடுவேனோன்னு பயமா இருக்கு."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "நீ ஒண்ணும் பண்ணலம்மா. காலைல மாத்திரையெல்லாம் உணவுல கலந்து ஏத்திட்டு, தண்ணி விடாம ஓடினது நான். அடைச்சதும் நான், கிழிச்சதும் நான்."

அவள் கேட்டாள்: "நான் அங்க அழுதுகிட்டு நின்னப்ப நீ பக்கத்துலதானே அண்ணே இருந்தே?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கை கழுவினாள்.

மறுநாளும் வந்தாள், ஆனால் ஏழு மணிக்கே. அவர் சிரிஞ்சை எடுத்ததும் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நின்றாள். மனைவி அவரைப் பார்க்கவில்லை, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழுதாக இறங்கி, தங்கை தலையசைத்த பிறகுதான் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள்.