பிலோமினா அக்கா சொன்ன பொய்

பிலோமினா அக்காவின் மகன் அருள் தம்பி ஜெர்மனியிலிருந்து அழைத்தபோது எங்கள் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டறையில் புனித மார்ட்டின் திருநாள் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. பலெர்மோவில் இத்தாலியர்கள் அந்த நாளுக்கென்று கல்லுப் போல ஒரு பிஸ்கட் செய்வார்கள். இனிப்பு வைனில் தோய்க்காமல் அதைக் கடிக்க முடியாது. பல்லில்லாதவர்களுக்கு அதை ஊறவைத்து ஊறவைத்துக் கொடுத்ததில் என் கையெல்லாம் பிசுபிசுத்தது. கைபேசியைத் தோளால் காதோடு அழுத்திக்கொண்டு "சொல்லுங்கோ தம்பி" என்றேன். "அம்மா காலமை போயிட்டா, ஜெசியக்கா" என்றார். பக்கத்து மேசைக் கிழவர் இன்னும் கொஞ்சம் வைன் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அழுதேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்கு அச்சிடும் இந்தச் சிறு மலரில் அக்காவைப் பற்றி எழுதச் சொல்லிப் பாதர் கேட்டார். "கடைசி ஒரு வருசம் அவவோடை நீங்கள்தானே இருந்தனீங்கள்" என்றார். இருந்தது உண்மை. எப்படி இருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு உண்மை. இப்படியான மலர்களில் போனவரின் நல்லதைச் சொல்லி, எழுதுகிறவரின் கெட்டதை மறைத்து, படத்துக்குக் கீழே பூப்போட்டு முடிப்பது வழக்கம். அந்த வழக்கத்தைக் கெடுக்கப் போகிறேன். குறை நினைக்காதீர்கள்.

தமிழ்ப் பூசைக்கு வருகிற உங்களுக்கு அக்காவைத் தெரியாமல் இராது. மன்னார்ப் பிலோமினா என்றால் தெரியாதவர்களுக்கும் அவருடைய குரல் தெரியும். வருகைப் பாட்டை எட்டாத உயரத்தில் தொடங்கிவிடுவார். மற்றவர்கள் கழுத்து நரம்பு புடைக்கப் பின்னால் ஓட வேண்டும். இருபத்தாறு வருடங்கள் ஒரே இத்தாலியச் சீமாட்டியின், ஒரு சிஞ்ஞோராவின், வீட்டில் தங்கி வேலை செய்தவர். அந்தச் சிஞ்ஞோரா இறந்ததும் அவருடைய மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்போது அக்காவுக்கு வயது எழுபத்து மூன்று, இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. மகன் ஜெர்மனிக்குக் கூப்பிட்டார். "அங்கை வந்து யன்னலாலை பனியைப் பாத்துக்கொண்டு இருக்கவோ?" என்று மறுத்துவிட்டார். அப்படித்தான் பகேரியா போகும் வழியிலிருக்கும் எங்கள் இல்லத்துக்கு வந்தார். நான் அங்கே பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்களில் ஒருவர் அங்கே வேலைக்கு அல்லாமல் வசிப்பதற்கு வந்தது அதுதான் முதல் தடவை.

வந்த நாளில் அவருக்காக முன்வாசலில் காத்திருந்தோம். ஆளைக் காணவில்லை. கடைசியில் சமையலறைப் பின்கதவில் பெட்டியோடு நின்றார். "அக்கா, இது வேலை செய்யிற ஆக்களின்ரை வாசல். நீங்கள் முன்பக்கத்தாலை வாங்கோ" என்றேன். "முன்பக்கத்தாலை வந்தால் ஆர் எனக்குக் கதவு திறக்கிறது?" என்று கேட்டார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் மேலே மடித்து வைத்திருந்தது வேலைக்குக் கட்டும் ஏப்ரன். அதை அன்றைக்கே வாங்கி ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் இல்லத்தில் இலையுதிர்காலத்துக்கென்று வேலைத்திட்டம் உண்டு. முற்றத்தில் நான்கு ஒலிவ மரங்கள். ஒக்டோபரில் காய் பறித்ததும் பெரியவர்களை மேசையைச் சுற்றி இருத்தி, நல்லது ஒரு பக்கம், பழுது ஒரு பக்கம் என்று பொறுக்க விடுவார்கள். இரண்டு கூடைக் காயையும் ஒரு கிழமைக்கு இழுத்துவிடலாம் என்பது பொழுதுபோக்குக்குப் பொறுப்பான மார்த்தினாவின் எண்ணம். அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டு மேசையில் இருந்தார். காலைக் கோப்பி வருவதற்குள் இரண்டு கூடையும் முடிந்தது. மற்றவர்களுக்கு முன்னால் கிடந்த காய்களையும் தன் பக்கம் இழுத்துப் பொறுக்கி, மேசையையும் துடைத்துவிட்டிருந்தார். மார்த்தினா அழாத குறை. "பிலோமினா, இது நேரம் போவதற்காக!" என்றாள். அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "நேரத்தை ஆர் போக்காட்டவேணும்? அது தானாத்தானே போகுது."

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வேலைக்காரர் எல்லோரும் ஒரு மாதம் சிரித்தோம். ஆனால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தன் கைக்கு வேலை இல்லாத இடத்தில் தனக்கு இடமில்லை என்று அக்கா நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை மனதில் ஊறுவதற்கு அவருக்கு இருபத்தாறு வருடங்கள் ஆயின. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்குள்ளும் அது ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. தெரிந்துகொண்டும் அதில் நான் இலாபம் பார்த்தேன்.

காலை ஏழு மணிக்கு என் வேலை தொடங்கும். என் பக்கத்தில் பதினொரு கட்டில்கள். எனக்கு நாரிப்பிடிப்பு, குனிந்தால் இடுப்பு நிமிராது. ஒலிவக் காய்களும் முடிந்துபோன பிறகு, நான் வரும்போதே அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்பார். "அக்கா, டிரெத்ரிச்சே கண்டால் என்னைப் பேசுவா, விடுங்கோ" என்று சொல்லத்தான் செய்தேன். சொல்லும்போதே தலையணை உறையை அவர் கையில் கொடுத்தேன். டிரெத்ரிச்சே என்பது எங்கள் இல்லத்தின் நிர்வாகி. எட்டரைக்கு முன் மேல்மாடிக்கு வரமாட்டார். அதற்குள் ஐந்து கட்டிலை அக்கா முடித்துவிடுவார். நான் விரித்ததையும் வந்து பார்ப்பார். "இதென்ன பெட்சீற் விரிப்போ, மாட்டுக்கு வைக்கல் போட்டதோ?" என்று உதறிப்போட்டுத் திரும்ப விரிப்பார். பேச்சு வாங்கிக்கொண்டு நிற்பது எனக்குச் சுகமாக இருந்தது. நாரி வலிக்கவில்லை அல்லவா.

ஒரு மத்தியானம் அக்கா சாப்பாட்டு மேசையில் இருந்தார். எதிரே சிஞ்ஞோரா அகத்தா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, மோசமான பெண்மணி அல்ல. அவர் அக்காவைப் பார்த்து, "உப்பு இல்லை, போய் எடுத்து வா" என்றார். அக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "சிஞ்ஞோரா, பிலோமினாவும் உங்களைப் போல இங்கே வசிப்பவர்" என்று மேசை முழுக்கக் கேட்கச் சொன்னேன். சிஞ்ஞோரா உண்மையிலேயே குழம்பிப்போனார். "என் கட்டிலை விரிப்பவள் இவள்தானே?" என்று கேட்டார். உப்புக் கேட்டது அவருடைய பிழை என்றால், அந்தப் பிழையை அவருக்குப் படிப்பித்தது நான்தான். அக்கா உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறிப்போன சூப்பைக் குடித்தார். மறுநாள் காலையும் ஐந்து கட்டிலை அவர்தான் விரித்தார்.

மரித்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அது நடந்தது. அந்த நாட்களில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கல்லறைக்குப் போய்விட்டு இல்லத்துக்கும் வருவார்கள். பெரியவர்கள் பாதாம் மாவில் பழங்கள் செய்து நிறம் தீட்டி அவர்களுக்குக் கொடுப்பார்கள். வருகிறவர்களின் கண்ணுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று டிரெத்ரிச்சேயின் கட்டளை. கூட வேலை செய்யும் பெண் சுகயீனம் என்று வரவில்லை. இரண்டு பேரின் வேலை என் தலையில். நான் அக்காவின் அறைக்குப் போனேன். "அக்கா, இண்டைக்கு மட்டும் மற்றப் பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்று கேட்டேன். அதுவரை அவராக வந்து செய்ததுதான். அன்றைக்கு நான் கேட்டேன். "இதுக்கேன் கெஞ்சுறாய், வாறன்" என்று எழுந்து வந்தார்.

நடைபாதையைத் துடைத்ததும் நான்தான். ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையை வைக்கவில்லை. நானும் அக்காவும் மட்டுந்தானே என்று விட்டுவிட்டேன். அழுக்கு விரிப்புகளை முகம் மறையும் உயரத்துக்கு அணைத்துக்கொண்டு அவர் வந்திருக்கிறார். கால் வைத்த இடம் அவருக்குத் தெரியவில்லை. நான் விரிப்பு அலுமாரி இருக்கும் அறையில் ஒரு நிமிடம் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். இடுப்பெலும்பு உடைந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது.

டிரெத்ரிச்சேயும் ஓடி வந்தார். ஏப்ரனைப் பார்த்தார், சிதறிக் கிடந்த விரிப்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கேள்வி எழுந்துகொண்டிருந்தது. எனக்கு டிசம்பரோடு கொன்ராத்தோ முடிய இருந்தது. அந்த வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. வதிவிட அனுமதி இல்லாதவளுக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் வாயைத் திறக்குமுன் நிலத்தில் கிடந்தபடியே அக்கா இத்தாலியனில் சொன்னார்: "இவள் வேண்டாம் என்றாள். தினமும் வேண்டாம் என்பாள். நான் கேட்கவில்லை. என் தலை கல்." அவ்வளவு வலியிலும் அவர் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. நான் பேசாமல் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்து, நெஞ்சில் சளி கட்டத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். "அக்கா, நான் டிரெத்ரிச்சேட்டை உண்மையைச் சொல்லப் போறன்" என்றேன்.

"விசரே உனக்கு?" என்றார். "நீ போய்ச் சொன்னால் நான் பொய்காரி எண்டாகும். இத்தினை வருசத்திலை இந்த ஊரிலை ஒருத்தரும் என்னைப் பொய்காரி எண்டு சொன்னதில்லை."

"அப்ப தம்பிக்கு?"

"அவனுக்கும் வேண்டாம். அவனுக்கு நான் பிடிவாதக்காரி எண்டு முந்தியே தெரியும். புதுசா என்ன நினைக்கப்போறான்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "ஆர் இப்ப உன்ரை கட்டில் விரிக்கிறது?" என்று கேட்டார். நானே விரிக்கிறேன் என்றேன். "கடவுளே, அந்தச் சனங்கள் பாவம்" என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

அடக்கத் திருப்பலி முடிவில் அருள் தம்பி நன்றி சொல்ல எழுந்ததை நீங்களும் கேட்டீர்கள். "அம்மா ஆற்றையும் சொல்வழி கேக்கமாட்டா. ஜெசியக்கா எத்தினை தரம் மறிச்சவா. கேட்டிருந்தா இண்டைக்கு எங்களோடை இருந்திருப்பா" என்று அழுதார். உங்களில் பலர் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்றவர் என் கையை இறுகப் பிடித்தார். நான் தலையைக் குனிந்தேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள். வெளியே வந்து தேநீர் குடித்தபோதும் அதே கதைதான்: நல்ல மனுசி, ஆனால் பிடிவாதம், வயசுபோன காலத்திலை சும்மா இருக்கத் தெரியேல்லை. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஒரு மனிதரை இரண்டு தடவை விழுத்தலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிசம்பர் முதல் கிழமை என் கொன்ராத்தோவைப் புதுப்பித்தார்கள். "அன்று நீ அவரைத் தடுத்தாய் என்பதை மறக்கமாட்டேன்" என்று டிரெத்ரிச்சே கைகொடுத்தார். கையெழுத்து வைத்துவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அல்பெர்கேரியாச் சந்துக்குள் இருக்கும் என் வீட்டுப் படிகளில் பாதியில் இருந்துவிட்டேன். மேலே ஏற முடியவில்லை. அங்கேயே இருந்து ஜெர்மனிக்கு எடுத்தேன். கூப்பிட்டது நான், துடைத்தது நான், பலகை வைக்காதது நான், அம்மா சொன்னது எனக்காகச் சொன்ன பொய் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அப்ப ஒரு மாசமா நான் அம்மாவோடை கோவிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றார். "பெட்டிக்குள்ளை கிடக்கேக்கையும் கோவத்தோடைதான் முகத்தைப் பாத்தனான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "ஓம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. இதை அச்சிட அவரிடம் அனுமதி கேட்டு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். "எல்லாரும் அறியட்டும்" என்று பதில் வந்தது.

அக்கா, நீங்கள் சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். முப்பத்தோராம் நாளில் உங்களுக்காக முழங்காலில் நிற்கப்போகிறவர்கள் உங்களைச் சொல்வழி கேளாதவர் என்று நினைத்துச் செபிக்கக் கூடாது. நீங்கள் அன்றைக்கு என் சொல்லைக் கேட்டுத்தான் எழுந்து வந்தீர்கள்.

டிரெத்ரிச்சேயிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லுவேன் என்று இங்கே எழுதி நல்ல பெயர் வாங்கவும் விருப்பமில்லை. போனவரிடமிருந்து தமக்குக் கிடைத்ததாகப் பொறுமை, விசுவாசம் என்று எழுதுவார்கள். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது என் வேலை. நாளைக் காலையும் அதற்குத்தான் போகப்போகிறேன்.